கடைமடை வரை 64 பிட்: 2038ஐத் தாண்டி ஓடும் நேர லைப்ரரியை அமைப்பது எப்படி

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பல கருவிகள், அடுத்த வினாடியில் 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைக் காட்டும். காரணம் மிகச் சின்னது. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி கடந்தது என்ற எண்ணாக வைத்திருக்கின்றன. குறியுள்ள (எதிர்மறை எண்ணுக்கும் இடம் வைத்த) 32 பிட்டில் அந்த எண்ணை அடைத்தால் 2,147,483,647 வரைதான் இடம். அதற்கு மேல் ஒன்று கூடினால் எண் எதிர்மறையின் அடிமட்டத்துக்குப் போய்விடும்.

சோதிக்கும்போது குழம்பாமல் இருக்க ஒரு விவரம். இந்திய டைம்ஸோன் தரவோடு ஓடும் சிஸ்டம் அந்த நிலையில் 1901 டிசம்பர் 14, அதிகாலை 2:07:02 என்று காட்டும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 2:15:52 அல்லவா வர வேண்டும்? 1906க்கு முந்தைய இந்திய நேரமாக அந்தத் தரவில் இருப்பது மெட்ராஸ் நேரம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 10 வினாடி கூடுதல். அதனால்தான் இந்த வித்தியாசம்.

இன்னும் வருடங்கள் கிடக்கின்றனவே என்று தோன்றலாம். ஆனால் நம் பக்கத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் அதைச் சீக்கிரத்தில் கழற்றுவதில்லை. எடைமேடை, ரசீது அடிக்கும் மெஷின், காற்றாலைக் கோபுரத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அணையில் நீர்மட்டம் பதியும் கருவி என்று எதை எடுத்தாலும் பதினைந்து, இருபது வருடம் ஓடும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட கருவிகளில் 32 பிட் சில்லு இன்றும் சாதாரணம். இன்றைக்கு மாட்டுவது 2038ஐப் பார்த்துவிட்டுத்தான் ஓயும்.

அதோடு, பிழை எல்லை நாள் வரை காத்திருக்காது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் நிரலுக்கு 2038 இன்றைக்கே வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் இன்று 15 வருடத் தவணையில் வீட்டுக் கடன் போட்டால், கடைசித் தவணை எல்லைக்கு அந்தப் பக்கம்தான் விழும். ஏஓஎல்சர்வர் என்ற வெப் சர்வர் மென்பொருள் 2006 மே மாதத்திலேயே இப்படி அடிபட்டது. டேட்டாபேஸ் கோரிக்கை காலாவதியே ஆக வேண்டாம் என்பதற்காக அதில் நூறு கோடி வினாடி என்று வைத்திருந்தார்கள். மே 13 அன்று, நம் நேரப்படி காலை 6:57 கடந்ததும், அன்றைய நேரத்தோடு நூறு கோடியைக் கூட்டினால் 32 பிட் நிரம்பிவிட்டது.

இந்த வழிகாட்டி, சி மொழியில் சிஸ்டம் லைப்ரரி எழுதுபவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: சி மொழியில் நேரத்தை வைக்கும் டைம்_டி என்ற வகையை 64 பிட் ஆக்குவதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. கன்னடியன் கால்வாயின் தலைமடையை மட்டும் அகலப்படுத்திவிட்டுக் கடைமடை வரை உள்ள மதகுகளைப் பழைய அளவிலேயே விட்டால் கரைதான் உடையும். நேரம் லைப்ரரியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் 64 பிட் முழுதாகப் போக வேண்டும். முடியாத இடத்தில், முடியாது என்று அந்த வாயில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறு லைப்ரரியைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் லிப்பொருநை. தாமிரபரணியின் அணை ஒன்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் படிக்கும். நேரத்தோடு ஃபைலில் எழுதும். திருநெல்வேலியில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் என்ற கணக்கின் அருமை தெரியும். நேரம் தப்பான நீர்மட்டப் பதிவு வெறும் எண்தான். அதைவிட மோசம், நேர வரிசைப்படி அடுக்கும் சர்வரில் '1901' என்று வரும் பதிவு பட்டியலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பார்ப்பவருக்கோ புதிதாக எதுவும் வரவில்லை என்றுதான் தெரியும்.

மேக்ரோ, ஃபங்ஷன் பெயர்களை எல்லாம் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்பைலரில் அவற்றின் ஆங்கில வடிவத்தை அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கணக்கெடுப்பு

நிரலைத் தொடுவதற்கு முன் நேரம் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டைம்_டி, டைம்வேல், டைம்ஸ்பெக், ஸ்டாட் ஆகிய வகைகளைத் தேடுவது எளிது. சிக்கல், வேறு வேடத்தில் இருக்கும் நேரங்களில்தான். சாதாரண இன்ட் மாறியில் வினாடி இருக்கும். லாங் வகையிலும் இருக்கும். 64 பிட் கணினியில் லாங் 64 பிட் என்பதால் அங்கே எந்தக் குறையும் தெரியாது, 32 பிட் சிஸ்டத்தில் அதே வரி வெட்டிவிடும். பிரிண்ட்எஃப் வரிகளில் சதவீதக் குறியோடு எல்டி என்று நேரத்தை அச்சிடும் இடங்கள், எழுத்தை எண்ணாக மாற்ற ஏடாய் அல்லது ஸ்டிர்டோல் கூப்பிடும் இடங்கள், அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று போட்டு வகை மாற்றும் இடங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிறப்புப் பொருள் கொண்ட எண்கள். 'ஒருபோதும் காலாவதி ஆகாது' என்பதற்கு அடையாளமாக 2,147,483,647ஐ வைத்த நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டைம்_டி எவ்வளவு அகலமானாலும் இந்த எண் மாறாது. 2038க்குப் பிறகு அது கடந்துபோன ஒரு தேதி. 'ஒருபோதும் இல்லை' என்று குறித்த அனைத்தும் ஒரே நேரத்தில் காலாவதி ஆகிவிடும். இதற்குத் தனியாக ஒரு கொடி மாறி (ஆம், இல்லை என்று மட்டும் சொல்வது) வையுங்கள். 0, -1 ஆகியவற்றை 'நேரம் இல்லை' என்பதற்குப் பயன்படுத்தியிருந்தால் அவற்றுக்கும் இதே மருந்து.

தாளில் ஒவ்வொரு இடத்தையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: லைப்ரரிக்குள்ளேயே இருப்பது, ஹெடர் ஃபைல் வழியாகப் பிற நிரல்களுக்குப் போவது, ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ போவது. முதல் வகையைத் திருத்த ஒரு மதியம் போதும். மற்ற இரண்டும்தான் உண்மையான வேலை.

2. அடித்தளம் தாங்குமா?

லைப்ரரிக்குக் கீழே இருப்பது 32 பிட்டாக இருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. லினக்ஸ் சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலில், 32 பிட் சிஸ்டங்களுக்கான 64 பிட் நேர சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) 5.1 வெர்ஷனில், 2019இல் வந்தன. மிச்சமிருந்த இடங்களும் சரியாகி, 2038ஐத் தாண்டி ஓடத் தகுதியான கெர்னல் என்று சொல்லும்படி ஆனது 2020இல் வந்த 5.6. ஆர்ண்ட் பெர்க்மன் முன்னின்று பல வருடம் நடத்திய வேலை அது.

சி லைப்ரரியில் இரண்டு வழிகள் உண்டு. மஸ்ல் லைப்ரரி 2020இல் 1.2.0 வெர்ஷனில் எல்லா 32 பிட் சிஸ்டங்களுக்கும் டைம்_டியை 64 பிட்டாகவே மாற்றிவிட்டது. குனு சி லைப்ரரியான ஜிலிப்சி, 2021இல் வந்த 2.34 வெர்ஷனில் அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. அதைப் பெற _டைம்_பிட்ஸ் என்ற மேக்ரோவை 64 என்று வைத்துக் கம்பைல் செய்ய வேண்டும். கூடவே _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் மேக்ரோவும் 64 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு நல்லது. ஆட்டோகான்ஃப் பயன்படுத்துபவர்களுக்கு 2.72 வெர்ஷனிலிருந்து இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

இந்த மேக்ரோக்களை ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலின் தலையிலும் எழுதாதீர்கள். ஒரு ஃபைலில் விட்டுப்போனால் அதில் மட்டும் டைம்_டி 32 பிட்டாக இருக்கும். லிங்கர் வாயே திறக்காது. பில்ட் ஃபைலில் ஒரே இடத்தில் வையுங்கள். பொது ஹெடர் ஒன்றில் ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டு, டைம்_டியின் அளவு 8 பைட்டுக்குக் குறைந்தால் கம்பைலே ஆகாதபடி செய்யுங்கள். இந்த ஒரு வரிக்கு நிகரான பாதுகாப்பு இந்த வேலையில் வேறு கிடையாது.

3. பிற நிரல்களோடு உள்ள பைனரி ஒப்பந்தம்

இதுதான் முழு விஷயத்தின் உயிர்நாடி. நிதானமாகப் பார்ப்போம்.

லிப்பொருநையின் பொது ஹெடரில் 'பதிவு' என்று ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது. உள்ளே இரண்டே உறுப்புகள்: நேரம் டைம்_டி வகை, நீர்மட்டம் இன்ட் வகை. பழைய கம்பைலில் இதன் அளவு 4 பைட்டும் 4 பைட்டும் சேர்ந்து 8. டைம்_டி 64 பிட் ஆனதும் 32 பிட் இன்டெல் சிஸ்டத்தில் அது 12 பைட். ஏஆர்எம் வகைச் சில்லில் 64 பிட் எண் எட்டின் மடங்கான முகவரியில் உட்கார வேண்டும் என்பதால் 16 பைட்.

இப்போது லைப்ரரியை மட்டும் புதிதாகக் கம்பைல் செய்து கருவியில் போடுகிறீர்கள். அதை அழைக்கும் நிரல் பழையது. அது தன் ஸ்டாக்கில் 8 பைட் ஒதுக்கி, அந்த முகவரியை லைப்ரரியிடம் கொடுக்கிறது. லைப்ரரி 16 பைட் எழுதுகிறது. பக்கத்தில் இருந்த வேறு மாறிகள் அழிகின்றன. பிழைச் செய்தி வராது. ஒரு நாள் எதேச்சையாக நிரல் சாகும், அல்லது சாகாமல் தப்பான நீர்மட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2038இல் வரவேண்டிய பிழையை இன்றைக்கே நாமாக வரவழைத்தது போலாகிவிடும்.

இதற்குச் சரியான வழிகள் இரண்டு. ஒன்று, லைப்ரரியின் பகிர்வுப் பெயர் (சோநேம்) எண்ணை உயர்த்துவது. 1 என்று இருந்ததை 2 ஆக்கினால் பழைய நிரல் புதிய லைப்ரரியோடு இணையவே இணையாது. எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய்தே ஆக வேண்டும். இரண்டு, பழைய ஃபங்ஷனை அப்படியே விட்டுவிட்டு 64 பிட் ஃபங்ஷனைத் தனிப் பெயரில் சேர்ப்பது. ஜிலிப்சி செய்தது இதை. உள்ளே எல்லாக் கணக்கும் 64 பிட்டில் நடக்கும். பழைய பெயரில் இருப்பது வெறும் உறை. ஏறக்குறைய இப்படி:

பழைய_நேரம்_எடு(இடம்):
    ந = நேரம்64_எடு()
    ந, 32 பிட் எல்லைக்குள் இல்லையென்றால்:
        எர்நோ = ஈஓவர்ஃப்ளோ
        -1ஐத் திருப்பு
    இடத்தில் நவை வை
    0ஐத் திருப்பு

புதிதாகக் கம்பைல் செய்யும் நிரலுக்கு ஹெடர் ஃபைலே பெயரை 64 பிட் ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும். நிரல் எழுதியவர் தன் வரிகளில் எதையும் மாற்ற வேண்டாம். பழைய பைனரியும், அதாவது ஏற்கெனவே கம்பைல் ஆன நிரலும், 2038 வரை ஓடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் லைப்ரரியை நாலைந்து நிரல்கள்தான் பயன்படுத்துகின்றன, எல்லாச் சோர்ஸும் உங்கள் கையில் இருக்கிறது என்றால் பெயர் எண்ணை உயர்த்துங்கள். இரட்டைப் பெயர்களைப் பராமரிப்பது வருடக்கணக்கில் இழுக்கும் சுமை. யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்றே தெரியாத அளவுக்குப் பரவிய லைப்ரரி என்றால் மட்டும் இரட்டைப் பெயருக்குப் போங்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் குழு ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களோடு இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 32 பிட் ஏஆர்எமுக்கு 2024இல் எல்லாவற்றையும் 64 பிட் நேரத்தோடு மறுபடி கம்பைல் செய்து, ஒப்பந்தம் மாறிய லைப்ரரி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று ஒட்டினார்கள். 32 பிட் இன்டெலை மட்டும் தொடவில்லை. பழைய பைனரிகளை ஓட்டுவதற்காகவே அதை வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால். ஓப்பன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி சிஸ்டத்தின் குழுவோ பழைய பைனரிகளைப் பற்றிக் கவலைப்படாமல் 2014லேயே, 5.5 வெர்ஷனில், ஒரே வீச்சில் மாற்றிவிட்டது.

டைம்ஸ்பெக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு குழியையும் பாருங்கள். 32 பிட் சிஸ்டத்தில் வினாடி 64 பிட் ஆனாலும் நானோவினாடி லாங் வகைதான், அதாவது 32 பிட். ஸ்ட்ரக்ட் 16 பைட் ஆவதற்காக நடுவிலோ கடைசியிலோ 4 பைட் வெற்றிடம் இருக்கும். எங்கே என்பது சில்லின் பைட் வரிசையைப் பொறுத்தது. அந்த வெற்றிடத்தில் என்ன குப்பை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் கொட்டாதீர்கள். இரண்டு ஸ்ட்ரக்டுகளைப் பைட் பைட்டாக ஒப்பிடவும் வேண்டாம்.

எல்லை மீறினால் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணையே திருப்பிக் கொடுப்போம் என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 8:44:07 என்று உறைந்துபோன நேரம் பார்ப்பதற்குச் சரியான நேரம் போலவே இருக்கும். பிழை எண்ணோடு -1 திருப்புவதுதான் நேர்மை. அழைக்கும் நிரலும் அதற்காக நீர்மட்டத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'நேரம் நம்பத் தகுந்ததல்ல' என்ற கொடியோடு பதிவை எழுதட்டும். வரிசை எண் இருந்தால் பின்னால் நேரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

4. கூட்டல், பெருக்கல்

வகை அகலமானாலும் இடைக்கணக்கு குறுகலாக இருக்கலாம். நாட்களை இன்ட் வகையில் வைத்து 86,400ஆல் பெருக்கி, விடையை 64 பிட் மாறியில் போட்டால், பெருக்கல் நடப்பது 32 பிட்டில். 24,856 நாளிலேயே நிரம்பிவிடும். பெருக்கும் முன்பே ஒரு பக்கத்தை 64 பிட் ஆக்குங்கள். 32 பிட்டில் மில்லிவினாடி எண்ணினால் 25 நாள் தொடர்ந்து ஓடினாலே போதும். அதற்கு 2038 வரை போக வேண்டியதே இல்லை. 64 பிட்டில் நானோவினாடி வைத்திருப்பவர்களுக்கு எல்லை 2262 ஏப்ரல். நீர்மட்டக் கருவிக்கு அது தாராளம்.

கூட்டிப் பார்த்துவிட்டு, விடை சிறியதாகிவிட்டதா என்று பிறகு சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குறியுள்ள எண் நிரம்பி வழிவது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல். அது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் வைத்துக்கொண்டு, உங்கள் சோதனை வரியையே நீக்கிவிடலாம். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள பில்டின் ஆட் ஓவர்ஃப்ளோ கூட்டும்போதே சொல்லிவிடும். சி23 தரத்தில் இதே வேலைக்கு சிகேடி_ஆட் வந்திருக்கிறது.

மேக்டைம் ஃபங்ஷன் பிழைக்கு -1 திருப்பும். ஆனால் 1970க்கு ஒரு வினாடி முந்தைய நேரத்துக்கும் சரியான விடை -1தான். பிரித்தறிய, அழைக்கும் முன் கிழமை உறுப்பில் -1 வையுங்கள். கணக்கு வெற்றி பெற்றிருந்தால் அது 0 முதல் 6க்குள் மாறியிருக்கும். லோக்கல்டைம் ஃபங்ஷன் வெற்றுப் பாயிண்டர் திருப்பக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். 64 பிட் வினாடியில் அடங்கும் ஆண்டு, இன்ட் வகையில் இருக்கும் ஆண்டு உறுப்பில் அடங்காமல் போகலாம். வெளியிலிருந்து கெட்டுப்போன எண் வந்தால் இது நிஜமாகவே நடக்கும்.

15 நிமிட இடைவெளியை அளக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். மோனோடோனிக் கடிகாரம் அதற்காகவே இருக்கிறது. தேதியை யார் முன்னே பின்னே நகர்த்தினாலும் அது அசையாது.

5. ஃபைல், நெட்வொர்க், டேட்டாபேஸ்

உங்கள் சொந்த ஃபைல் வடிவத்தில் நேரத்துக்குக் குறியுள்ள 64 பிட், நிலையான பைட் வரிசை, ஃபைலின் தலையில் ஒரு வெர்ஷன் எண். இவ்வளவே. எழுத்தாக எழுதுவதானால் ஆண்டு முதலில் வரும் முழுத் தேதியும் +05:30 என்ற வித்தியாசமும். அச்சிடும்போது இன்ட்மேக்ஸ்_டி வகைக்கு மாற்றி, சதவீதக் குறியோடு ஜேடி பயன்படுத்துங்கள். எந்தச் சிஸ்டத்திலும் வெட்டுப்படாது.

பழைய ஃபைல்கள் இருக்குமே, அவற்றை என்ன செய்வது? அவற்றின் 32 பிட் எண்ணைக் குறியுள்ளதாகப் படிக்கலாம், குறியில்லாததாகவும் படிக்கலாம். நம் கருவியில் 1970க்கு முந்தைய பதிவு இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே குறியில்லாததாகப் படித்தால் அதே 4 பைட் 2106 பிப்ரவரி வரை தாங்கும். மாற்றவே முடியாத நெட்வொர்க் வடிவங்களுக்கும் இதுவே நல்ல ஒத்திவைப்பு. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் ஒரே முடிவில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிறந்த தேதி போன்ற பழைய நாட்கள் வரும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

ஃபைல் சிஸ்டத்தையும் பாருங்கள். எக்ஸ்ட்4இல் ஐநோட் (ஃபைலின் விவரங்கள் இருக்கும் பகுதி) அளவு 256 பைட் இருந்தால் நேர முத்திரை 2446 வரை போகும். 128 பைட் என்றால் 2038தான். சிறிய பார்ட்டிஷன்களில் 128 இருக்கக்கூடும் என்பதால், மெமரி கார்டில் ஓடும் கருவிகளில் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸில் பிக்டைம் வசதியை இயக்கினால் 2486 வரை தாங்கும், கெர்னல் 5.10 முதல் அது உண்டு.

சர்வர் பக்கம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இருந்தால் டைம்ஸ்டாம்ப் வகைப் பத்திகளை டேட்டைம் ஆக்குங்கள். டைம்ஸ்டாம்ப் வகையின் எல்லை அந்தக் காலை 8:44:07தான், சர்வர் 64 பிட்டாக இருந்தாலும்கூட. யார் எப்போது லாகின் செய்தார்கள் என்று எழுதும் யூடிஎம்பி, டபிள்யூடிஎம்பி ஃபைல்களும் இப்படித்தான். 32 பிட் நிரல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 64 பிட் இன்டெல் கணினியிலும் அவற்றில் வினாடி 32 பிட்டாகவே இருக்கிறது. 'எங்களுடையது 64 பிட் சர்வர், எங்களுக்கு இது பொருந்தாது' என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி நெறிமுறைக்கு வேறொரு எல்லை இருக்கிறது. அது முன்னதாகவே வரும். அது 1900 முதல் குறியில்லாத 32 பிட்டில் எண்ணுகிறது. 2036 பிப்ரவரி 7, வியாழக்கிழமை, நம் நேரப்படி பகல் 11:58:16க்கு அது சுழியத்துக்குத் திரும்பும். கருவியின் கடிகாரம் சுமாராகச் சரியாக இருந்தால், எந்தச் சுற்று என்பதை நிரல் தானே ஊகித்துக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்து 1970இல் எழுந்திருக்கும் கருவி ஊகிக்க முடியாது. அதனால் லைப்ரரி கம்பைல் ஆன தேதியைக் குறைந்தபட்ச நேரமாக உள்ளே பதித்துவிடுங்கள். அதற்கு முந்தைய நேரம் எது வந்தாலும் அடுத்த சுற்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. சோதனை

மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் தேதியை நகர்த்தினால் சான்றிதழ்கள் காலாவதியாகி இணைப்பு அறும். பதிவு ஃபைல்களும் குழம்பும். கெமு மென்பொருளில் ஆர்டிசி (கணினியின் உள் கடிகாரம்) தொடக்க நேரத்தை 2038-01-19, 03:14:00 என்று கொடுத்து 32 பிட் ஏஆர்எம் சிஸ்டத்தைக் கிளப்புங்கள். அது கிரீன்விச் நேரம். என்டிபியை நிறுத்த மறந்தால் சிஸ்டம் நேரத்தைத் திரும்ப இழுத்துவிடும். எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன்பின் அணைத்து மறுபடி இயக்குங்கள். ஓடும்போது தாண்டிவிடும் நிரல், 2038இல் புதிதாக எழும்போது விழலாம். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தனித்தனி ஃபங்ஷன்களுக்கு இந்த எண்களைக் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள்: 0, -1, 2147483646, 2147483647, 2147483648, 4294967295, 4294967296, -2147483648, -2147483649. ஒவ்வொன்றையும் ஃபைலில் எழுதி, திரும்பப் படித்து, அதே எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். நிரலுக்குப் பொய் நேரம் காட்டும் லிப்ஃபேக்டைம் கொண்டு விரைவாகச் சோதிக்கலாம். அதுவும் 64 பிட் நேரத்தோடு கம்பைல் ஆனதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பைனரியையும் நேராகப் பார்க்கலாம். என்எம் கட்டளையில் டைனமிக் பெயர்களைக் காட்டச் சொன்னால், ஜிலிப்சியின் 64 பிட் வழியில் போகும் நிரலில் கிளாக்_கெட்டைம் என்ற பெயர், கடைசியில் 64 ஒட்டிய வடிவத்தில் இருக்கும். 32 பிட் பைனரியில் வெறும் பெயர் தெரிந்தால் எங்கோ ஒரு ஃபைலுக்கு மேக்ரோ போய்ச் சேரவில்லை.

7. களத்தில் மாற்றுவது

கெர்னல், சி லைப்ரரி, உங்கள் லைப்ரரி, கடைசியாக நிரல்கள் என்ற வரிசையில் போங்கள். புதிய ஜிலிப்சி பழைய கெர்னலின் மேல் ஓடும்போது பழைய சிஸ்டம் காலுக்கே திரும்பிவிடும் என்பதால், கெர்னலை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினம், கடைக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பது. டவுனில் ஒரு கடையில் நடந்த பேச்சு:

"மெசினு நல்லாத்தான ஓடுது தம்பி? எதுக்கு இப்பம் மாத்தணும்?"

"இதுக்கு முந்துன மெசின எத்தன வருசம் வச்சிருந்தீங்க அண்ணாச்சி?"

"அது கெடந்துச்சு, பதினாறு பதினேழு வருசம்."

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, விற்பவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள், மெஷினில் தேதியை 2040 என்று வைத்து ஒரு ரசீது அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அணைத்துப் போட்டு இன்னொரு ரசீது.

சோர்ஸ் தொலைந்துபோன, செய்தவரும் இல்லாத பெட்டிகளுக்குக் கடைசி வழி ஒன்று உண்டு. நம் நூற்றாண்டுக்குள் நாட்காட்டி 28 வருடத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 2038இன் கிழமைகளும் 2010இன் கிழமைகளும் ஒன்றே. லீப் வருட வரிசையும் மாறாது. எல்லைக்கு முன்பே பெட்டியின் தேதியை 28 வருடம் பின்னே வைத்துவிட்டு, பதிவுகளை வாங்கும் சர்வரில் 883,612,800 வினாடியைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பதிவுக்குக் கூட்டுவது என்பதைப் பதிவில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேதி மாற்றிய நாளுக்குப் பிறகு சர்வருக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். சான்றிதழ் சரிபார்க்கும் பாதுகாப்பான இணைப்பு இப்படிப்பட்ட பெட்டியில் வேலை செய்யாது. பக்கத்தில் ஒரு சிறு கணினியை வைத்துக் கேபிள் வழியாகப் பதிவை எடுத்து, அதிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும். கூட்டும் வரி அந்தக் கணினியில் ஒரே ஒரு இடத்தில் இருக்கட்டும். பெட்டியின் மூடியில் 'தேதி 28 வருடம் பின்னே, மாற்றாதீர்கள்' என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் மெக்கானிக் தேதியைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்.